திருகோணமலையில் கூடாரம் அடித்துத் தங்க எவ்வளவு காசு ஒதுக்கலாம்?

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். மனைவி, 14 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேராக ஆகஸ்டில் வருகிறார்கள். கொழும்பில் சாரதியோடு வான் எடுத்துத் திருகோணமலையில் 5 இரவு, பிறகு யாழ்ப்பாணம், பிறகு கொழும்பு. ஒவ்வொரு கோடையும் ஒன்ராறியோவில் கூடாரம் அடித்துப் பழகிய குடும்பம். "அங்கே ஒரு இரவுக்கு இவ்வளவு என்று எனக்குக் கணக்குத் தெரியும். உங்கள் ஊரில் எவ்வளவு ஒதுக்க வேண்டும் அண்ணா? அறை எடுப்பதை விட எவ்வளவு மிச்சம் வரும்?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிதாக மிச்சம் வராது, தம்பி. காசு மிச்சம் பிடிக்க என்று கூடாரம் அடிக்காதீர்கள். பிள்ளைகள் கடற்கரையில் விடிகாலை பார்க்க வேண்டும் என்றால் அடியுங்கள். ஏன் மிச்சம் வராது என்பதைச் சொன்னால் முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

ஒன்ராறியோ பூங்காக்களில் நீங்கள் கட்டும் கட்டணம் வெறும் நிலத்துக்கு இல்லை. 5 மாதத்துக்கு முன்பு காலை 7 மணிக்குக் கணினி முன்னால் குந்தியிருந்து இடம் பிடிக்கிறீர்கள். அந்தக் காசுக்குள் இலக்கமிட்ட இடம், வண்டி நிறுத்த வழி, நெருப்பு மூட்டும் வளையம், மேசை, கழிப்பறை, குடிதண்ணீர்க் குழாய், இரவில் சுற்றி வரும் காவலர் எல்லாம் அடக்கம். இங்கே அப்படியொரு ஏற்பாடு கிடையாது. நிலம் மலிவு, சில இடத்தில் இலவசம் கூட. ஆனால் அங்கே கட்டணத்துக்குள் வந்த ஒவ்வொன்றையும் இங்கே நீங்கள் தனித்தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆகவே "கூடாரம் அடிக்க எவ்வளவு" என்று விசாரிக்காதீர்கள். "தண்ணீர், கழிப்பறை, ராத்திரிக்கு ஆள், இதெல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று விசாரியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. விசாரிக்கும்போது "முகாம்" என்ற சொல்லைப் பாவிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் முகாம் என்றால் ஒன்று ஆமிக்காரர் இருப்பது, இல்லையென்றால் அகதிகள் இருந்தது. ஒருமுறை நான் என் அம்மாவிடம் "கடற்கரையில் கூடாரத்தில் படுப்போம், வாங்கோ" என்று கேட்டேன். "தறப்பாளுக்குக் கீழே படுத்தது எனக்குப் போதும், நீங்கள் போங்கோ" என்றார். அதற்குப் பிறகு அவரை நான் கூப்பிடவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இங்கிருந்து சேர்ந்துகொண்டால் அவர்களுக்கு அறை என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.

சரி, எங்கே அடிப்பது? மூன்று வழி இருக்கிறது. முதலாவது, சொகுசுக் கூடாரம். கட்டில், விசிறி, சில இடத்தில் ஏசி கூடப் பூட்டியிருப்பார்கள். அது கூடாரத் துணி போர்த்திய ஹோட்டல் அறை, விலையும் ஹோட்டல் விலைதான். உங்களுக்கு அது தேவையில்லை. இரண்டாவது, வெறும் கடற்கரை. நிலாவெளியிலிருந்து குச்சவெளிப் பக்கம் போனால் ஆளில்லாத மணல் நிறையத் தெரியும். ஆனால் ஆளில்லாத மணல் என்று நாங்கள் நினைப்பது யாரோ ஒருவருடைய கரைவலைப் பாடாக, அதாவது கரையில் நின்று வலை இழுக்கும் இடமாக இருக்கும், அல்லது பக்கத்தில் கடற்படைக் காவலரண் இருக்கும். சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு நண்பர்கள் ஐந்து பேர் யாரையும் கேட்காமல் ஒரு மீனவர் வாடிக்கு அந்தப் பக்கமாகக் கூடாரம் அடித்தோம். விடிய நாலரை மணிக்கு வெளியே ஆள் சத்தம். கூடார வாசல் சிப்பைத் திறந்து பார்த்தால் கைமொத்தமான கயிறு ஒன்று கூடாரத்துக்கு இரண்டு முழம் தள்ளி மணலைச் சீவிக்கொண்டு போகிறது. இருபது பேர் "ஏலோ" போட்டு இழுக்கிறார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வந்து ஏசவில்லை. "கெதியாக் கழட்டுங்கோ தம்பிமார், கயிறு உங்கட பக்கம்தான் வரும்" என்று மட்டும் சொன்னார். பாதித் தூக்கத்தில் கூடாரத்தை அப்படியே நான்கு மூலையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கழட்டிய பிறகு நாங்களும் கயிற்றில் கை வைத்தோம், கடைசியில் ஒரு பை நிறைய மீன் தந்து அனுப்பினார்கள். எங்களுக்கு அது சிரித்துவிட்டுப் போகும் கதை. ஒன்பது வயதுப் பிள்ளையோடு வேண்டாம்.

மூன்றாவது வழியைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன்: வளவு, அதாவது வீட்டைச் சுற்றி வேலி அடைத்த காணி. உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கம் சின்ன விடுதிக்காரரும் வீட்டுக்காரரும் தங்கள் வளவுக்குள் கூடாரம் அடிக்க விடுவார்கள். கிணறு இருக்கும், கழிப்பறை இருக்கும், படலை பூட்டுவார்கள், நாய் குரைத்தால் எழும்பிப் பார்க்க ஒரு ஆள் இருப்பார். கடல் இருநூறு முந்நூறு மீற்றர் தள்ளி இருந்தால் கவலைப்படாதீர்கள். கடல் ஓரத்து வளவை விட அது நல்லது, காற்றுக்கு ஒதுக்கு. ஒன்று மட்டும் கவனம்: படத்தைப் பார்த்து முற்பணம் அனுப்பாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் படத்தில் கடலைப் பார்த்துவிட்டு மூன்று இரவுக்கும் முழுக்காசு அனுப்பினார். வந்து பார்த்தால் கடலுக்கு நடக்க இருபது நிமிடம், கழிப்பறை அடுத்த வீட்டில். ஒரு இரவுக்கு மட்டும் முற்பணம் கொடுத்து, நேரில் பார்த்து மிச்சத்தைப் பேசுங்கள். காசாகக் கொடுங்கள், வளவுக்காரரிடம் கார்ட் மெசின் இருக்காது. ஏ.ரி.எம். வேலையைத் திருகோணமலை ரவுணிலேயே முடித்துவிட்டு வடக்கே வாருங்கள்.

வளவுக்கு நான் ஒதுக்குவது ஒரு இரவுக்கு 4,000 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு. மூவாயிரத்தில் பேச்சைத் தொடங்கலாம். ஐயாயிரத்துக்கு மேலே கேட்டால் நான் அறையின் விலையைக் கேட்பேன். மின்சாரப் பிளக் ஒன்று, மேசை விசிறி ஒன்று இதற்குள் வர வேண்டும். இதை முதலிலேயே பேசிவிடுங்கள், இரவு பத்து மணிக்குப் பேசினால் வேறு விலை.

விசிறி எதற்கு என்று கேட்பீர்கள். ஆகஸ்ட் இங்கே கச்சான் காலம். மேற்கே தரையிலிருந்து வரும் காய்ந்த காற்று. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்களிடம் வரும்போது அதில் ஈரம் இருக்காது. வெயில் 34, 35 பாகை. காலை ஏழு மணிக்குப் பிறகு கூடாரத்துக்குள் இருக்க முடியாது, உள்ளே இடியப்பம் அவிக்கலாம். பகல் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை பிள்ளைகளை எங்கே வைத்திருப்பீர்கள்? இந்தக் கேள்வி ஒன்ராறியோவில் வராது, அதனால் உங்கள் கணக்கில் இந்த வரி இருக்காது. மரநிழல் உள்ள வளவு என்றால் ஒரு பாயைப் போட்டுச் சமாளிக்கலாம். நான் ஒரு நாளைக்காவது பகலுக்கு மட்டும் அறை எடுக்க 5,000 ஒதுக்குவேன். குளிக்கலாம், போன்களைச் சார்ஜ் பண்ணலாம், சின்னவர் இரண்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளலாம்.

கச்சானின் மற்றக் குணம், பின்னேரம் எழும்பினால் மணலில் குத்திய ஆணி எதையும் விடாது. நீங்கள் அங்கே பாவிக்கும் மெல்லிய கம்பி ஆணிகள் காட்டு மண்ணுக்கு, எங்கள் மணலில் அவை வெண்ணெயில் குத்திய ஊசி மாதிரித்தான். எங்கள் வழி, பழைய உரப்பை. பாதிக்கு மணல் நிரப்பி வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதன் கழுத்தில் முடிந்து, ஒரு முழம் கிடங்கு வெட்டிப் புதைத்துவிடுவோம். நான்கு மூலைக்கு நான்கு, காற்று வரும் மேற்குப் பக்கத்துக்கு மேலதிகமாக இரண்டு. வாசலைக் கடல் பக்கம் வையுங்கள். பிள்ளைகளுக்குக் கடல் தெரியும், காற்று முதுகுப் பக்கமாகப் போகும். கார்த்திகை, மார்கழி என்றால் இதெல்லாம் தலைகீழ். அப்போது வாடைக்காற்றும் மழையும் கடல் பக்கமிருந்து வரும், அந்த மாதங்களில் கூடாரம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

இப்போது எல்லாரும் மறக்கிற செலவுக்கு வருகிறேன். சாரதி எங்கே படுப்பார்? விடுதியில் அறை எடுத்தால் பல இடங்களில் சாரதிக்கு ஒரு கட்டில் தந்துவிடுவார்கள். வளவில் அது கிடையாது. அவர் வானுக்குள் படுப்பார் என்று நினைக்காதீர்கள். மறுநாள் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடப்போகிறவர் அவர். கூடார இரவு ஒவ்வொன்றுக்கும் அவருடைய படுக்கைக்கு 2,000 தனியாக எழுதுங்கள். நாள் படியும் சாப்பாடும் வேறு, அது வான் கணக்கில் வரும்.

தண்ணீர். கடலோரக் கிணறுகள் அநேகமாக உவர். குளிக்கலாம், துவைக்கலாம், சோறு சமைத்தாலே வித்தியாசம் தெரியும். நான்கு பேருக்கும் சாரதிக்கும் அந்த வெயிலில் குடிக்க மட்டும் ஒரு நாளைக்கு 15 லீற்றர் வேண்டும். சின்னப் போத்தல்களாக வாங்கினால் காசும் போகும், வளவு முழுக்க பிளாஸ்டிக்கும் சேரும். ரவுணில் 19 லீற்றர்ப் போத்தல் ஒன்றை வைப்புப்பணம் கட்டி எடுங்கள், திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் வந்துவிடும். தண்ணீர், ஐஸ், நுளம்புத்திரி எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,000. இரவில் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு, அல்லது காலையில் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக் கொடுக்கும் பெடியனுக்கு, இன்னொரு 1,000.

சாப்பாட்டை நான் தங்கும் செலவில் சேர்க்கவில்லை, எங்கே படுத்தாலும் சாப்பிடத்தானே வேண்டும். ஆனால் ஒரு ஆலோசனை. அடுப்பும் எரிவாயுக் குப்பியும் என்று அலையாதீர்கள். குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், உங்கள் அடுப்புக்குப் பொருந்துவது இங்கே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. காலைக்கும் இரவுக்கும் வளவுக்கார அம்மாவிடமே சொல்லிவிடுங்கள். இடியப்பம், சொதி, சம்பல், காலையில் கரையில் வாங்கின மீனில் ஒரு குழம்பு. பிள்ளைகளுக்கு நெருப்பு மூட்ட ஆசை என்றால் மூன்று கல் வைத்து, பன்னாடையைக் கீழே போட்டு, பொச்சு மட்டையைக் குறுக்கே அடுக்கிப் பற்ற வைக்கச் சொல்லுங்கள், மூத்தவர் அதிலேயே பிளேன்ரீ போடுவார். கச்சான் அடிக்கும் பின்னேரத்தில் மட்டும் வேண்டாம். பனையோலை வேலிக்கு ஒரு பொறி போதும்.

இனி ஐந்து இரவையும் கூட்டிப் பார்ப்போம். இவை நான் ஒதுக்கும் தொகைகள், விலைப்பட்டியல் இல்லை. மூன்று இரவு வளவு, இரண்டு இரவு அறை என்று வைத்துக்கொள்கிறேன். வளவு இரவு ஒன்றுக்கு இடம் 4,000, சாரதி 2,000, தண்ணீர் வகை 1,000, ஆள் 1,000, ஆக 8,000. மூன்று இரவுக்கு 24,000. நான்கு பேர் படுக்கக்கூடிய ஏசி அறைக்கு ஆகஸ்டில் 15,000 என்றால் இரண்டு இரவுக்கு 30,000. பகல் அறை 5,000. மொத்தம் 59,000. ஐந்து இரவையும் அறையிலேயே கழித்தால் 75,000. வித்தியாசம் 16,000 ரூபாய். விமானத்தில் கூடாரத்துக்கென்று மேலதிகப் பெட்டி ஒன்று எடுத்தால், அல்லது கொழும்பில் கூடாரம் வாங்கினால், அந்தப் பதினாறாயிரமும் போய்விடும். பெரிய மிச்சம் இல்லை என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

அதோடு கையில் இன்னொரு 15,000 தொடாமல் வைத்திருங்கள். இது அவசர அறைக்காசு. ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், காற்று கூடாரக் கம்பியை முறித்தால், யாரோடும் விவாதிக்காமல் எழும்பிப் போய் அறை எடுக்க. இந்தக் காசு இருந்தால்தான் மனைவியும் முழு மனதோடு கூடாரத்தில் படுப்பார், அனுபவத்தில் சொல்கிறேன். எனவே கொழும்பிலிருந்து வெளிக்கிடும்போது திருகோணமலைத் தங்கலுக்கு இரண்டும் சேர்த்து 74,000 வரும், 75,000 என்று எடுத்து வையுங்கள், மிஞ்சினால் யாழ்ப்பாணத்துக்கு உதவும்.

எந்த இரவு கூடாரம், எந்த இரவு அறை? முதல் இரவு அறை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் வந்து களைத்த உடம்போடு இருட்டில் கூடாரம் அடிக்கக் கூடாது. பிறகு மூன்று இரவு வளவு. கடைசி இரவு மறுபடி அறை. மணலைக் கழுவி, உடுப்பைக் காயப்போட்டு, ஆறுதலாகப் பெட்டி கட்டலாம். போயா என்ற பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்து நீண்ட வாரஇறுதி வந்தால் கொழும்பு, கண்டி ஆட்கள் முழுப்பேரும் நிலாவெளியில்தான், அறை விலை அந்த இரண்டு நாளும் ஏறிவிடும். உங்கள் கூடார இரவுகளை அந்த நாட்களில் விழும்படி மாற்றுங்கள். உண்மையில் மிச்சம் பிடிக்க முடிந்த ஒரே இடம் அதுதான்.

கனடாக் கடவுச்சீட்டால் வரும் செலவு ஒன்றும் இருக்கிறது, அதைத் தங்கும் காசிலிருந்து எடுத்துவிடாதீர்கள். புறாமலைத் தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா, நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம். அங்கே கூடாரம் அடித்து இரவு தங்க முடியாது, பகலில் போய்ப் பவளப்பாறை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் அமெரிக்க டொலரில் நிர்ணயித்தது. அதற்கு மேல் குழுவுக்கென்று சேவைக் கட்டணம், 18 வீத வற் வரி, படகுக் கூலி தனி, நீருக்குள் பார்க்கும் கண்ணாடி வாடகை தனி. உங்கள் 14 வயதுக்காரர் பெரியவர் கணக்கில் வருவார். உங்களிடமோ மனைவியிடமோ இரட்டைக் குடியுரிமையும் இலங்கை அடையாள அட்டையும் இருந்தால் மறக்காமல் கொண்டுவாருங்கள், உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வரும் வழியில் சிகிரியா ஏறுவதென்றாலும் இதே கதை. அதிகச் செலவில்லாத பொழுதுக்குக் கோணேசர் கோயில் இருக்கிறது. போகும் வழியில் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். சின்னவர் ஏழிலும் மாறி மாறி வாளி போட்டு எது கூடச் சூடு என்று தீர்ப்புச் சொல்வார், அரைநாள் போய்விடும்.

வழியில் எங்காவது ஒரு குளக்கட்டில் கூடாரம் அடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. ஹபரணையிலிருந்து கந்தளாய் வரையும், யாழ்ப்பாணம் போகும்போது வரும் ஹொரவப்பொத்தானைப் பக்கமும் யானை நடமாடும் இடங்கள், கோடையில் அவை தண்ணீர் தேடி வருவதே அந்தக் குளங்களுக்குத்தான். அந்த ரோட்டுகளில் மாலை ஐந்தரைக்குப் பிறகு ஓடவும் வேண்டாம். மத்தியானத்துக்குப் பிந்தி வெளிக்கிட நேர்ந்தால் அன்றைக்குப் போகாமல் வழியில் அறை எடுங்கள், அதற்கும் அந்த அவசரக்காசு இருக்கிறது.

யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு வரி. ஆகஸ்டை ஒட்டி நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். தேருக்கும் தீர்த்தத்துக்கும் கிட்ட அறை கிடைப்பதே பாடு. அங்கே கூடாரமும் வேண்டாம், உறவுக்காரர் வீட்டைக் கேளுங்கள். கேட்காவிட்டால்தான் அவர்களுக்குக் கோபம் வரும்.

நித்திரைப் பை கொண்டுவர வேண்டாம், இரவிலும் 25 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காது. ஒரு பாயும் மெல்லிய போர்வையும் போதும், இரண்டும் இங்கே சந்தையில் வாங்கலாம். கூடாரத்தில் நுளம்பு வலை நல்ல சல்லடையாக இருக்கிறதா, சிப்பு முழுக்கப் பூட்டுகிறதா என்று அங்கேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மணல் பட்டால் சிப்புத்தான் முதலில் மக்கர் பண்ணும், ஒரு பழைய பல்துலக்கியையும் மெழுகுதிரித் துண்டையும் பெட்டிக்குள் போடுங்கள். உரப்பை ஆறு என்னிடம் இருக்கிறது. வரும் திகதியைச் சொன்னால் கழுவிக் காயவைத்து வைக்கிறேன்.